பூட்டு எந்தப் பக்கம்?

(திண்டுக்கல்லில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நாம் பேசப் புகுந்திருக்கும் விஷயம் தேர்தலைப் பற்றியதல்ல. எந்தக் கட்சிக்காரரும் மேடையில் எடுத்துப் பேசாததும், எந்தப் புராணிகரும் காலட்சேபம் செய்யாததும், ஆனால் இங்கு கூடியிருக்கும் பல குடும்பங்களில் இரவும் பகலும் இருந்துகொண்டே இருப்பதுமான ஒரு விஷயத்தைப் பற்றியதாகும். அதாவது, அறிவு வளர்ச்சி குறைந்து பிறந்த அல்லது பிறந்தபின் அப்படி ஆகிவிட்ட நம்முடைய பிள்ளைகள், பெரியவர்களான பிறகு எங்கே வாழ்கிறார்கள், யார் அவர்களைப் பார்த்துக்கொள்ளுகிறார்கள், அப்படிப் பார்த்துக்கொள்ளுகிறவர்களை யார் பார்த்துக்கொள்ளுகிறார்கள் என்பதுதான் நமது இன்றைய கேள்வி.

நாம் சொல்லுவதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், உங்கள் தெருவில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பிறகு நாம் சொல்லுவது சரியா தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 2011 ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்தியா முழுவதும் இப்படிப்பட்டவர்கள் 15 லட்சம் பேர் என்று எழுதியிருக்கிறார்கள். இது வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்ன கணக்கு. வெட்கத்தினாலும் பயத்தினாலும் சொல்லாமல் மறைத்த கணக்கு எவ்வளவு என்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது மூத்த பிள்ளையைப் பின்கட்டில் உட்காரவைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு நன்றாய்த் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் ஜனங்கள் புத்தி மட்டாயிருப்பதையும் பைத்தியத்தையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. மனநோய் என்பது காய்ச்சல்போல எவருக்கும் எந்த வயதிலும் வரக்கூடியது. மருந்தினால் பெரும்பாலும் தணியக்கூடியது. அறிவு வளர்ச்சிக் குறைவு என்பது நோயல்ல. குழந்தைப் பருவத்திலேயே உண்டாகி, ஆயுள் முழுவதும் உடனிருக்கும் ஒரு தன்மை. மெதுவாய்க் கற்றுக்கொள்ளுவார்கள், சிலர் பேசவே மாட்டார்கள், சிலர் பஸ் ஏறி வேலைக்குப் போய் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது மந்திரமோ மருந்தோ அல்ல. கூட இருந்து கைகொடுக்க ஓர் ஆள்தான்.

இது ஏன் உண்டாகிறது? பூர்வ ஜன்மத்துப் பாவம் என்று ஜோசியன் சொல்லுகிறான். வைத்தியம் படித்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் மூளை கெடுகிறது. மூளைக்காய்ச்சல் வந்தால் கெடுகிறது. தைராய்டு நீர் சுரக்காத குழந்தையைப் பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால், அந்தக் கேடே வராமல் தடுக்கலாம். உடலின் அணுக்களில் 21 ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாயிருப்பதே டவுன் என்னும் வகைக்குக் காரணம் என்று 1959 இல் பிரெஞ்சு தேசத்து லெழூன் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுவதால் சில பரம்பரை நோய்கள் கூடுகின்றன. சில குழந்தைகள் விஷயத்தில் காரணம் இன்னதென்று அகப்படுவதேயில்லை. இவற்றில் எந்த இடத்திலாவது பாவ புண்ணியத்துக்கு வேலையிருக்கிறதா என்று கேட்கிறோம். பெற்ற தாயின் தலையில் இந்தப் பழியைச் சுமத்தியதனால்தான், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாய், தர்கா தர்காவாய் அலைய வேண்டியிருக்கிறது. ஏர்வாடி தர்காவாகட்டும், குணசீலம் பெருமாள் கோயிலாகட்டும், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலாகட்டும், எல்லா மதக்காரரும் எல்லா இடத்துக்கும் போகிறார்கள். துன்பம் வந்தபோது நம் ஜனங்களுக்கு மதபேதம் இல்லாமல் போவது ஒரு வகையில் சந்தோஷந்தான். ஆனால் அந்த ஒற்றுமையின் பலன் என்னவாயிற்று?

அதைச் சொல்லுகிறோம். 2001 ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6 ந் தேதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் ஒருவர் நடத்திவந்த விடுதியின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? காலில் சங்கிலி. 28 பேர் செத்தார்கள். மனநோய் தீருவதற்காகக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். தீ வைத்தது யார், விளக்கா அடுப்பா என்று விசாரித்தார்கள். அவர்களைக் கொன்றது தீயா, சங்கிலியா என்பதுதான் நமது கேள்வி.

தோழர்களே! அன்றைக்குச் சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1987 ஆம் வருஷத்து மனநலச் சட்டம் 1993 முதல் அமுலில் இருந்தது. இப்படிப்பட்ட இடம் நடத்த லைசென்சு வேண்டும், அதிகாரிகள் போய்ப் பார்வையிட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. எழுத்து டில்லியில் இருந்தது. சங்கிலி ஏர்வாடியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய மனிதன் மட்டும் இல்லை. தீ விபத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் அங்கிருந்த அப்படிப்பட்ட விடுதிகளையெல்லாம் மூடினார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டு எல்லா மாகாணங்களையும் கணக்கெடுக்கச் சொல்லிற்று. 2007 இல் விடுதி நடத்தினவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. இவ்வளவும் 28 உயிர் போன பிறகு. ஒரு வாரத்தில் செய்ய முடிந்த காரியத்தை எட்டு வருஷமாய் ஏன் செய்யவில்லை?

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லுவீர்களானால், 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதிகாரிகள் வெளியே கொண்டுவந்ததை ஞாபகப்படுத்துகிறோம். உரிய லைசென்சு இல்லாமல் பல வருஷம் நடந்துவந்த இடம் அது. அங்கே சேர்த்த தங்கள் உறவினரைக் காணவில்லை என்று ஒரு குடும்பத்தார் ஐகோர்ட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. குற்றச்சாட்டுகளில் எது மெய் எது பொய் என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தவர் யார் என்பதை மட்டும் நாம் கேட்கிறோம்.

ஏன் போய்ப் பார்ப்பதில்லை? உத்தியோகஸ்தர்களின் சோம்பல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம்மிடத்தில் இருக்கிறது. அதுதான் “தர்மம்” என்கிற சொல். ஒருவர் அனாதைகளுக்குச் சோறு போடுகிறார் என்றால், உடனே நாம் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறோம். கும்பிட்ட கையால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது மரியாதையல்ல என்று நினைக்கிறோம். மளிகைக் கடைக்காரர் தராசில் கால்படி குறைந்தால் சண்டைக்குப் போகிறவர், வாய் பேசாத நாற்பது பேரை ஒரே கூடத்தில் அடைத்துவைத்திருப்பவரைப் பார்த்து ‘மகான்’ என்கிறார். பிறந்தநாளைக்குப் பிரியாணி அண்டாவுடன் போகிறோம்; வரிசையில் உட்காரவைத்து இலை போடுகிறோம்; போட்டோ எடுத்துக்கொள்ளுகிறோம்; புண்ணியத்தை மூட்டைகட்டிக்கொண்டு திரும்புகிறோம். பின்பக்கத்துக் கக்கூசை யாராவது எட்டிப் பார்த்தோமா? ராத்திரி எத்தனை ஆள் காவலுக்கு என்று கேட்டோமா? பிச்சை போடுகிறவனுக்குக் கேட்கும் அதிகாரம் வருவதில்லை. வாங்குகிறவனுக்கும் கேட்கும் அதிகாரம் வருவதில்லை. உரிமை என்று வந்தால்தான் கேள்வி வரும். ஆகவே இந்த ஜனங்களுக்குச் செய்வது தர்மமல்ல, அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி என்று எண்ணப் பழகினாலொழிய, எந்தக் கதவும் திறக்காது.

வெள்ளைக்காரர் தேசத்தில் எல்லாம் ஒழுங்காயிருக்கும் என்று நம்மில் சிலருக்கு ஒரு மயக்கம் உண்டு. அதையும் பார்ப்போம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தருகே வின்டர்போர்ன் வியூ என்று ஓர் ஆஸ்பத்திரி. அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்காக ஒரு கம்பெனி நடத்தியது. ஓர் ஆளுக்கு வாரம் ஒன்றுக்குச் சராசரி 3500 பவுன், அதுவும் பொதுஜனங்களின் வரிப்பணத்திலிருந்து. சோதனை செய்யச் சர்க்கார் ஏற்படுத்திய ஸ்தாபனமும் இருந்தது. அங்கு வேலை செய்த மூத்த நர்ஸ் ஒருவர், உள்ளே நடப்பது சரியில்லை என்று அந்த ஸ்தாபனத்துக்கு எழுதினார். காரியம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக பி.பி.சி. காரர்கள் ஓர் ஆளை வேலைக்காரன்போல் உள்ளே அனுப்பி, ஒளித்துவைத்த காமிராவில் படம் பிடித்து, 2011 மே 31 ந் தேதி ஊரறியக் காட்டினார்கள். அடியும் உதையும், உடுப்போடு தண்ணீரில் நனைத்தலும், ஆளைக் கீழே தள்ளி நாற்காலியால் அமுக்குதலும் அதில் தெரிந்தன. 11 பேர் குற்றவாளிகளானார்கள். ஆறு பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

அத்தோடு திருந்திவிட்டார்களா? 2019 இல் அதே தேசத்தில் வோர்ல்டன் ஹால் என்ற இடத்தில் அதேபோல் கொடுமைகள் படம் பிடிக்கப்பட்டன. அந்த இடத்துக்குச் சோதனை ஸ்தாபனம் கொடுத்திருந்த நற்சாட்சி என்ன தெரியுமா? ‘நன்று’ என்பதே. 2015 லேயே ஒரு சோதகர் குறைகளைக் கண்டு எழுதிய அறிக்கை வெளியிடப்படாமலே போயிருந்ததும் பிறகு தெரியவந்தது.

ஆகவே, சட்டம் இருந்து சோதகர் இல்லாவிட்டால் ஏர்வாடி. சோதகர் இருந்தும் கண் இல்லாவிட்டால் வின்டர்போர்ன். இரண்டிலிருந்தும் நாம் பாடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நிற்க. இப்படி ஆட்களைக் கூட்டமாய் அடைத்துவைப்பதே தப்பு என்று உலகத்தில் இப்போது ஒப்புக்கொள்ளப்பட்டுவருகிறது. வேறு வழி என்னவென்றால், மூன்று நான்கு பேராய், ஊருக்கு நடுவே ஒரு சாதாரண வாடகை வீட்டில் வாழ்வது. தனித்து வாழ முடிகிறவர்கள் தனியாகவே இருப்பார்கள். வீட்டு வாடகைச் சீட்டு அவர்கள் பேரில். சமைக்க, குளிக்க, கடைக்குப் போக, மாத்திரை சாப்பிட எவ்வளவு உதவி வேண்டுமோ அவ்வளவுக்கு ஓர் ஆள் வந்துபோவார். வேண்டுமானால் கூடவே தங்குவார். இதைத்தான் துணையோடு கூடிய வாழ்க்கை என்கிறார்கள். இதன் முக்கியம் எங்கே இருக்கிறது என்றால், வீட்டுச் சொந்தக்காரர் வேறு, உதவிசெய்கிறவர் வேறு என்று பிரித்துவைப்பதில் இருக்கிறது. கூரையும் சோறும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை அடித்தாலும் யாரிடம் போய்ச் சொல்லுவது? சொன்னால் அன்று ராத்திரி எங்கே படுப்பது? பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டு அவரிடமே கூலிக்குப் போனவர்களுக்கு இது நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நம் தேசத்திலும் இது புதிதல்ல. சென்னையில் 1993 இல் ஆரம்பமான பானியன் என்னும் ஸ்தாபனத்தார், மனநோயினால் வீடிழந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்த பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நாலைந்து பேராய்க் குடிவைக்கும் வேலையை 2015 முதல் செய்துவருகிறார்கள். 2016 ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5 ஆவது பிரிவும், இவர்கள் மற்றவர்களைப்போல் சமூகத்தின் நடுவே வாழ உரிமையுள்ளவர்கள், குறிப்பிட்ட இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று நிர்ப்பந்திக்கக்கூடாது என்று சொல்லுகிறது.

ஆனால் தோழர்களே! சின்ன வீடானால் நல்ல வீடு என்று அர்த்தமில்லை. நூறு பேர் விடுதியில் நூறு கண்ணாவது உண்டு. மூன்று பேர் வீட்டில், கதவைச் சாத்திவிட்டால் ஒரே ஒரு வேலையாளின் ராஜ்யம். ஆகையால் சின்ன வீட்டுக்குச் சோதனை குறைவாய் அல்ல, புத்திசாலித்தனமாய் வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. “அது அவர்கள் வீடு என்கிறீர்கள். பிறகு அதிகாரி நினைத்தபோது உள்ளே நுழையலாமா?” என்று கேட்கலாம். சரியான கேள்விதான். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வீட்டுக்குள் சோதகர் போகவேண்டுமானால் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். நாமும் அப்படியே சொல்லுகிறோம். ஆனால் சம்மதத்தை யாரிடம் கேட்பது? மேனேஜரிடமல்ல, குடியிருப்பவரிடம். “அவர்களுக்கு வெளியாட்கள் வருவது பிடிக்காது” என்று மேனேஜர் சொன்னால், அதை அவர்கள் வாயால், அவர்கள் ஜாடையால், மேனேஜர் இல்லாத இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். பேசத் தெரியாதவரானால், அவரை அறிந்த தாயோ தம்பியோ சிநேகிதரோ உடன் இருக்க வேண்டும். கொடுமை நடக்கிறது என்று சந்தேகப்பட இடமிருந்தால், அப்போது சம்மதத்துக்காக வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்படிச் சட்டத்தின் 7 ஆவது பிரிவின்படி எவரும் எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்கலாம். அவர் நடவடிக்கை எடுக்கவேண்டியவர்.

சரி, எப்படிச் சோதிப்பது? நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வந்த நாளைப் பார்த்தவர்கள். அன்றைக்குச் சுவருக்கு வெள்ளை. பையன்களுக்குத் துவைத்த சட்டை. வாத்தியார் கையில் பிரம்பு இல்லை. கெட்டிக்காரப் பையன் முன் வரிசையில். இன்ஸ்பெக்டர் போன மறுநாள் பிரம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். அந்த மாதிரி இன்ஸ்பெக்ஷன் நமக்கு வேண்டாம். வேண்டியது இதுதான்:

முதலாவது, சொல்லிக்கொண்டு வரக்கூடாது. அதிலும் காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து காப்பி சாப்பிட்டுப் போவது பிரயோஜனமில்லை. ராத்திரி சாப்பாட்டு வேளையிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து பார்க்க வேண்டும். வேலையாள் குறைவதும் கை நீளுவதும் அப்போதுதான்.

இரண்டாவது, தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். இது பூட்டுக்குப் பேர்போன ஊர். இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு செய்கிற கையைக் கேட்டால் சொல்லுவார், பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்குச் சாவி வெளியே இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் மனிதனுக்குச் சாவி உள்ளே இருக்கும் என்று. படுக்கையறைத் தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் இருந்தால், அங்கே வசிப்பவரைப் பொருள் என்று நினைக்கிறார்கள் என்று அர்த்தம். மேலும் எழுதத் தேவையில்லை.

மூன்றாவது, ரிஜிஸ்தரைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்க வேண்டும். நகம், பல், தலைமயிர், எடை, உடம்பிலுள்ள தழும்பு, இவை பொய் சொல்லமாட்டா. வேலையாளின் காலடிச் சத்தம் கேட்டவுடன் ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குனிந்தால், அதைவிடப் பெரிய வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

நான்காவது, மருந்து. தொந்தரவு கொடுக்காமல் இருப்பதற்காக மயக்க மாத்திரை கொடுத்து மூலையில் போட்டுவைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் இதைக் குறைப்பதற்கென்றே 2016 இல் ஓர் இயக்கம் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எந்த மாத்திரை, எந்த வைத்தியர் எழுதினார், எதற்காக, கடைசியாய் எப்போது திருப்பிப் பார்த்தார் என்று கேட்க வேண்டும். அதோடு வலிப்பு நோய். இவர்களில் பலருக்கு அது உண்டு. 2013 இல் ஆக்ஸ்போர்டில் ஓர் ஆஸ்பத்திரிப் பிரிவில் வலிப்புள்ள 18 வயதுப் பையனைக் குளியல் தொட்டியில் தனியே விட்டார்கள்; மூழ்கி இறந்தான். நம் பக்கத்தில் தொட்டி இல்லாவிட்டாலும் கிணறும் வாய்க்காலும் இருக்கின்றன.

ஐந்தாவது, காசு. அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் பராமரிப்புப் பணம் யார் கணக்கில் விழுகிறது, யார் எடுக்கிறார்கள், எதற்குச் செலவாகிறது? கோர்ட்டு மூலமாகவோ கமிட்டி மூலமாகவோ கார்டியனாய் வந்தவர் கணக்குக் காட்டுகிறாரா? 1999 ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம், கார்டியனானவர் ஆறு மாதத்துக்குள் சொத்து ஜாபிதாவும், வருஷா வருஷம் வரவு செலவும் கொடுக்கவேண்டும் என்கிறது. கேட்கிறவர் இருந்தால்தானே கொடுப்பார்?

ஆறாவது, அவர்களுக்கு வேலையும் சிநேகிதமும் உண்டா என்று பார்க்க வேண்டும். வயிறு நிறைந்து, உடம்பு சுத்தமாய், வருஷம் முழுவதும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சிறைதான். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பூக் கட்டவும், ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியும் வெங்காயமும் தரம் பிரிக்கவும், சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடவும் நிதானமாய்ச் செய்கிற கை வேண்டாமா? அவர்கள் செய்த வேலைக்குக் கூலி அவர்கள் கையில் விழுகிறதா என்பதும் சோதிக்க வேண்டிய விஷயமே.

கடைசியாக, இந்தச் சோதனையில் அவர்களே பங்குகொள்ள வேண்டும். இது வேடிக்கையல்ல. இங்கிலாந்தில் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களையே சம்பளம் கொடுத்துச் சோதகர்களோடு அனுப்புகிறார்கள். அடிபட்டவனுக்குத் தெரிகிற அடையாளம் பட்டதாரிக்குத் தெரிவதில்லை.

“இவ்வளவு கேள்வி கேட்டால் நல்ல மனதோடு இல்லம் நடத்துகிறவர்களும் ஓடிப்போவார்களே!” என்று சிலர் பயப்படலாம். நாம் சொல்லுகிறோம், நல்லபடி நடத்துகிறவர்களுக்குத்தான் சோதனை வேண்டும். சோதனை இல்லாத ஊரில் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. குறைந்த கூலிக்கு நாள் முழுவதும் மலஜலம் எடுத்துச் சோறூட்டுகிற பெண்களை நாம் அறிவோம். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், தாழ்த்தப்பட்டவர்கள். குற்றம் நடந்தால் அவர்கள் தலையில் போட்டுவிட்டு முதலாளி தப்பித்துக்கொள்ளுகிறான். ஒரு ராத்திரிக்கு முப்பது பேருக்கு ஒரே பெண்ணை விட்டது யார் என்று கேட்பதும் சோதனையின் கடமை. ஆகவே வேலையாட்களின் கூலியும் நேரமும் அறிக்கையில் வரவேண்டும்.

இன்னொன்று. 2016 ஆம் வருஷச் சட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லம் நடத்துகிற எவரும் பதிவுச் சான்று பெறவேண்டும் என்று 50 ஆவது பிரிவில் எழுதிவிட்டு, 54 ஆவது பிரிவில் சர்க்கார் நடத்தும் இல்லங்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறார்கள். சர்க்கார் சோறு என்றால் தானாகவே வெந்துவிடுமா? இந்தியா 2007 இல் ஒப்புக்கொண்ட உலக உடன்படிக்கையின் 16 ஆவது ஷரத்து, இவர்களுக்காக உள்ள எல்லா இடங்களையும் சுதந்தரமான அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. நடத்துகிறவனே தன்னைச் சோதித்துக்கொள்ளுவது, மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற கதைதான். ஆகையால் தனியார், சர்க்கார், கோயில், சர்ச்சு, பள்ளிவாசல் எவருக்கும் விலக்கு இருக்கக்கூடாது.

தோழர்களே! நம் இயக்கத்தின் பேரில் ஒரு கேள்வி உண்டு. “நீங்கள் அறிவு அறிவு என்கிறீர்களே, அறிவு குறைந்தவனுக்கு உங்களிடம் என்ன இடம்?” என்று கேட்கிறார்கள். நமது பதில் இதுதான். அறிவு என்பது மனிதன் தன் துன்பத்தை நீக்கிக்கொள்ளும் கருவியே தவிர, மனிதனாய் மதிக்கப்படுவதற்குப் பரீட்சை அல்ல. பிறப்பைக்கொண்டு ஒருவனைக் கீழென்று சொல்லக்கூடாது என்றோம். பிறவியிலேயே மூளை மெதுவாய் வேலை செய்வதைக்கொண்டு மட்டும் கீழென்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், பூணூலைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மார்க்குச் சீட்டைக் கட்டிக்கொண்டோம் என்றுதான் அர்த்தம். அறிவு அதிகமுள்ளவர்களின் அறிவுக்கு ஒரு பிரயோஜனம் உண்டென்றால், தங்களுக்காகப் பேச முடியாதவர்களுக்காகக் கேள்வி கேட்பதைவிட வேறு நல்ல பிரயோஜனம் நமக்குத் தெரியவில்லை.

இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எங்கள் காலத்துக்குப் பிறகு யார்?” நத்தத்திலும் கேட்கிறார்கள், வேடசந்தூரிலும் கேட்கிறார்கள், நிலக்கோட்டையிலும் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் இந்தப் பிள்ளை போய்விடவேண்டும் என்று தாயே வேண்டிக்கொள்ளுகிற கொடுமை வேறு எதற்காவது உண்டா? அந்த வேண்டுதலை அவள் வாயிலிருந்து எடுத்துவிடக்கூடிய பரிகாரம் எந்தச் சாமியிடமும் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. உங்கள் ஊரில் உள்ள இல்லம் எதுவானாலும், அதன் பதிவுச் சான்று வாசலில் தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கடைசிச் சோதனை எப்போது நடந்தது, என்ன எழுதினார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்; 30 நாளில் பதில் தரக் கடமைப்பட்டவர்கள். சோதனை அறிக்கை அந்தந்தக் கிராம சபையில், எல்லோருக்கும் புரிகிற தமிழில் படிக்கப்படவேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ஊருக்குள் நாலு பேர் சேர்ந்து வாழ வாடகை வீடு கேட்டு வந்தால், “அந்த மாதிரி ஆட்களுக்கு வீடு இல்லை” என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் தினமும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிற வீட்டில், எந்த வேலையாளும் சுலபத்தில் கை ஓங்கமாட்டான். எந்த அதிகாரியும் செய்யமுடியாத இன்ஸ்பெக்ஷன் அது. அதற்குச் சம்பளமும் இல்லை, ஜீப்பும் வேண்டியதில்லை.

அடுத்த தடவை அண்டாவோடு போகிறவர்கள் தாராளமாய்ப் போங்கள். சோறு போடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போட்டு முடித்தபின் பின்பக்கமும் போய், கதவுத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.